தராசுக் கொக்கியில் ஒரு வாடாமல்லி மாலை

பர்மாவில், அலோனில் ஆற்றையொட்டி நான் கணக்கு எழுதும் பருப்புக் குடோனில், பழைய தொங்கு தராசின் கொக்கியில் ஒரு வாடாமல்லி மாலை தொங்குகிறது. இரண்டு வருடமாக அந்தத் தராசில் யாரும் மூட்டை ஏற்றவில்லை. புதிதாக வாங்கிய மின்தராசு வாசல் பக்கம் இருக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் மற்றவர்கள் சாமி படத்தைக் கும்பிடுவார்கள். நான் முதலில் அந்த மாலையைத்தான் பார்ப்பேன். ஊதா நிறம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கணக்குப் புத்தகத்தைத் திறப்பேன்.

அதைக் கட்டியவர் எங்கள் தீதி. நேபாளியில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். மேமியோவில் மாடு வளர்த்துப் பால் விற்ற கூர்க்கா குடும்பத்தில் பிறந்தவர். இங்கே மூட்டை தைக்கிறார். பர்மியம்தான் பேசுவார், எங்களோடு பழகியதில் தமிழும் நன்றாகவே வரும், முக்கியமாகத் திட்டுவதற்கு. வாயில் கோணி ஊசியைக் கடித்துக்கொண்டே ஆளைப் பிரித்து மேய்வார். அவருடைய ஒரே தம்பி, பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதுமே தாய்லாந்துப் பக்கம் போய்விட்டான். தம்பி இல்லாத திகாரை எப்படிக் கொண்டாடுவது என்று அந்த வருடம் தீதி ஒரு வாரம் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார்.

திகார் எங்கள் தீபாவளியை ஒட்டி வரும் ஐந்து நாள் பண்டிகை. நெல் முற்றி அறுவடைக்கு நிற்கும் காலம். முதல் நாள் காகத்துக்குச் சோறு வைப்பார்கள். மறுநாள் நாய்க்குப் பொட்டும் மாலையும். அடுத்து பசு, அதற்கடுத்து ஏர் இழுத்த காளை. எங்கள் மாட்டுப் பொங்கல்போல அன்று காளைக்கு ஓய்வு, கொம்புக்கு எண்ணெய். கடைசி நாள்தான் உடன்பிறந்தவனுக்கு. மனிதனை ஏன் கடைசியில் வைத்தார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வயலுக்கு ஒழைச்சதுக்கெல்லாம் முதல்ல கூலி குடுக்கணும் தம்பி. அப்புறந்தான் நம்ம உசுரக் கேக்கலாம்" என்றார். குடோனில் காளைக்கு எங்கே போவது? வாசல் நாய்க்கு மட்டும் குறை வைக்கவில்லை. மாலையைப் போட்டுக்கொண்டு அது மூன்று நாள் முதலாளி மாதிரி படுத்திருந்தது.

கடைசி நாள் மதியம், எங்கள் இருவரையும் தம்பிகளாக வைத்துப் பொட்டிடப் போவதாகச் சொன்னார். இருவர் என்றால் நானும், நான் அண்ணன் என்று கூப்பிடும் எடைக்காரரும். அப்போது எனக்கு முப்பது வயது, அவருக்கு முப்பத்து மூன்று. முப்பத்தைந்துக்குள் இருப்பவர்களைத்தான் பட்டாளத்துக்குத் தேடினார்கள். வேனில் வந்து ஆள் பிடிப்பார்கள் என்பதால், தெருவில் வேன் சத்தம் கேட்டாலே நான் மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவேன். அண்ணனோ அதையே கேலி செய்வார்: "ஒன்னையெல்லாம் கூட்டிட்டுப் போனா துப்பாக்கிய யாருடா தூக்குறது?"

மூட்டை அடுக்குக்குப் பின்னால் தீதி இரண்டு பலகை போட்டார். நான் போய் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் தன் மாலையை வாங்கித் தராசு தொங்கும் மேல் கொக்கியில் மாட்டினார். "இன்னும் நாலு மூட்ட பாக்கி தீதி. முடிச்சிட்டு வந்து போட்டுக்கறேன்" என்று சிரித்தார்.

தீதி என்னைச் சுற்றிக் கடுகெண்ணெயால் வட்டம் போட ஆரம்பித்தார். ஒருவனைப் பிடிக்க எமன் வந்தபோது, இந்த எண்ணெய் காயும்வரை, இந்த மாலை வாடும்வரை பொறு என்றாளாம் அவன் அக்கா. வாடாமல்லி எங்கே வாடும்? எமன் திரும்பிப் போய்விட்டானாம். அதனால் ஈரம் இருக்கும்வரை வட்டத்தைத் தாண்டக்கூடாது.

இரண்டாவது சுற்றில் வேன் வந்து நின்றது. பேசிச் சமாளிக்கக்கூடிய முதலாளி அன்று தன்லியின் ஊருக்குப் போயிருந்தார். மூன்று நாள் மாலை மரியாதை வாங்கிய நாய் குரைக்கவே இல்லை. "முப்பத்தைந்துக்குள் ஆண்கள் எத்தனை பேர்?" என்று பர்மியத்தில் ஒரு குரல் கேட்டது. எண்ணெய் கோணல்மாணலாக விழுந்தது, ஆனால் தீதி நிறுத்தவில்லை. மூன்றோடு முடிய வேண்டிய வட்டம் நான்கு, ஐந்து என்று போய்க்கொண்டிருந்தது. "எந்திரிக்காத. ஈரம் இருக்கு" என்றார், உதடு மட்டும் அசைய. நான் எழுந்திருக்காமல் இருந்தது பக்தியால் அல்ல. பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேன் போனால் போதும் என்று இருந்தேன்.

அப்போது அண்ணனின் குரல் கேட்டது. சாதாரணமாக, எடை சொல்லும் அதே குரல். "நான் ஒருத்தன்தான். உள்ளே இருப்பது மூட்டை தைக்கிற பெண்கள்தான்."

அவரை ஏற்றிக்கொண்டு வேன் கதவு மூடிக்கொண்டது. அக்ரூட் கொட்டையை வாசற்படியில் வைத்து உடைத்தால் எமனுக்கு வழி அடைபடும் என்பார்கள். பூசை முடிவில் உடைக்க எடுத்து வந்த அந்தக் கொட்டை தீதியின் மடியிலேயே கிடந்தது.

பயிற்சி முகாமிலிருந்து அண்ணன் வீட்டுக்கு ஒரே ஒரு முறை போன் வந்தது. அதற்குப் பிறகு இல்லை. அன்று நான் எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வதுண்டு. இரண்டு பேரையும் ஏற்றியிருப்பார்கள், அவ்வளவுதான் என்று பதில் சொல்லிக்கொள்வேன். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. எனக்கு முப்பத்தைந்து முடிய இன்னும் நாள் இருக்கிறது.

போன வருடம் தீதி எனக்குப் புது மாலை கட்டினார். தராசில் இருந்ததைத் தொடவில்லை. அதையும் மாற்றிவிடலாமே என்றேன். "வாடலியே, எதுக்கு மாத்தணும்?" என்று சீறினார். பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

இன்று மறுபடியும் திகாரின் கடைசி நாள். காலையில் முதல் ஆளாக வந்து கதவைத் திறந்தேன். தராசுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் ஒரு வாடாமல்லிப் பூ கிடந்தது. தீதி வருவதற்குள் அதைச் சேர்த்துவிட வேண்டும். அவருடைய கோணி ஊசியையும் சணல் நூலையும் எடுத்துக்கொண்டு மூட்டை மேல் ஏறி, இரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த மாலையைக் கையில் எடுத்தேன்.

அவர் அதை வெள்ளைப் பருத்தி நூலில் கட்டியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அதில் நாலைந்து இடத்தில்தான் வெள்ளை நூல் தெரிந்தது. மற்ற பூக்கள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சணலில் தைக்கப்பட்டிருந்தன, மூட்டை வாய் தைக்கும் அதே முடிச்சில். சில பூக்கள் போன வருடத்தவை, சில இந்த மாதத்தவை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. விழுந்த பூவை அவசரமாகத் தைத்து, மாலையைக் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கினேன். தீதி உள்ளே வந்து, வழக்கம்போலத் தராசை அண்ணாந்து பார்த்தார். என் கையில் இருந்த ஊசியையும் பார்த்தார்.

"வாடல" என்றார்.

"வாடல தீதி" என்றேன்.