வெயில் ஏறினால் மங்கும் நிறம்

முதலில் வலிதான் வந்தது. வலது கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால், உள்ளே யாரோ நூல் கட்டி இழுப்பது போன்ற வலி. நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. அதனால் நேராகவே பார்த்துக்கொண்டு நடமாடினேன்.

அது லெந்து காலம். ஈஸ்டருக்கு முந்தைய அந்த உபவாச நாட்களில், சித்தூரில் எங்கள் சபையில் திருவிருந்து மேசையின் மேல் ஊதா விரிப்புப் போடுவார்கள். ஞாயிறு ஆராதனையில் வலி தாங்காமல் இடது கையால் நெற்றியைப் பிடித்தபோது இடது கண்ணும் மூடிக்கொண்டது. விரிப்பு சாம்பல் நிறமாக இருந்தது. கையை எடுத்தேன், ஊதா. மூடினேன், சாம்பல். பிரசங்கம் முடியும்வரை இதையே செய்துகொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னதும் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) சிரித்தார். "காலைல ஒண்ணும் துன்னாம கெடக்கிறயில்ல, அதான். பண்டிக வந்தா எல்லாம் சரியாப்பூடும்."

எங்கள் சபையில் லெந்து நாட்களில் எந்த உபாதை வந்தாலும் உபவாசத்தின் மேல் போட்டுவிடுவது வழக்கம். தலைசுற்றல், மூட்டுவலி, எல்லாமே பண்டிகையோடு போய்விடும் என்பார்கள். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற நானும் அதை நம்பினேன்.

அம்மா நம்பவில்லை. "பட்டினியாவது ஒண்ணாவது. புஸ்தகத்த அப்டி மொறச்சிக்கினு இருந்தா கண்ணு இன்னாடி பண்ணும்? எங்க கண்ணப் பாரு, கல்லு மாதிரி கீது."

கேலிதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டங்களை நைனாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் யார் கேட்டாலும் வரிசை தப்பாமல் சொல்லுவார். படிப்புதான் என் கண்ணைத் தின்றது என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. பட்டினிதான் காரணம் என்று காட்ட, உபவாசத்தை நிறுத்தி மூன்று வேளையும் சாப்பிட்டேன். வார முடிவில் வலது கண்ணுக்குச் சிவப்பு நிறமும் தெரியாமல் போயிருந்தது.

திருப்பதியில் கண் மருத்துவர் ஒரு சொட்டு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை முன்னால் பிடித்தார். இடது கண்ணுக்கு அது சிவப்பு. வலது கண்ணுக்கு மழையில் ஊறிய செங்கல்.

ஸ்கேன் எடுத்த பிறகு பெயர் சொன்னார்: ஆப்டிக் நியூரைட்டிஸ் (கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் பார்வை நரம்பு வீங்கிப் புண்படுவது). உடலின் எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் தன் நரம்பைத் தாக்கிவிடுகிறது என்று விளக்கினார்.

அம்மா எழுந்து நின்று கேட்டாள். "மேடம், படிச்சதாலயா வந்திச்சி?"

மருத்துவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். "அப்படின்னா எனக்கு எப்பவோ வந்திருக்கணும்மா. படிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." அம்மா உட்கார்ந்தாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கும் முறை அதுதான்.

சில நாட்கள் காலை நேரங்களில் ஸ்டீராய்டு (வீக்கத்தை வேகமாகக் குறைக்கும் மருந்து) ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். வாயில் இரும்புக் கசப்பு. தூக்கம் வரவில்லை, பசி மட்டும் வந்தது. இதைப் படிக்கும் உங்களில் யாராவது இப்போது அந்தக் கட்டிலில் இருந்தால், ஒன்று சொல்கிறேன்: மருந்து ஏறி முடிந்த அன்றே பார்வை திரும்பவில்லை என்று பயப்படாதீர்கள். எனக்கு மாதக்கணக்கில் ஆனது.

அந்த மாதங்களை அளந்தவள் அம்மா. அவள் மாம்பழக் கூழ் ஆலையில் பழம் பிரிக்கும் வேலை செய்கிறாள். பங்காருபாளையத்திலிருந்து லாரி வரத் தொடங்கியதும், மாலையில் முந்தானையில் இரண்டு மூன்று காய்களோடு வருவாள். உள்ளங்கையால் என் இடது கண்ணை மூடுவாள். அந்தக் கையில் எப்போதும் மாம்பால் வாசனை.

"சொல்லு. இது காயா, செங்காயா, பழமா?"

"தெரியலம்மா. எல்லாம் ஒரே மாதிரி கீது."

"சரி, பழத்தத் துன்னு. நாளைக்குப் பாக்கலாம்."

பருவம் முடிவதற்குள் காயையும் பழத்தையும் பிரித்துவிட்டேன். பாதி பழுத்த செங்காய் மட்டும் கடைசிவரை ஏமாற்றியது.

மருத்துவர் பொய் சொல்லவில்லை. நோய் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். அதன் பிறகு தினமும் காலையில் கண்விழித்ததும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பேன். கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அடுத்த ஆண்டு வெயில் தொடங்கும் நேரத்தில் மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. திருப்பதிக்கு அப்பால் சேஷாசல மலையடிவாரம். "நானும் வரேன்," என்றாள் அம்மா. "ஒரு சீட்டு இல்லாமயா பூடும்?" பேருந்து புத்தலப்பட்டு ஊரைத் தாண்டுவதற்குள் அவளுடைய புளிசோறு கடைசி இருக்கைவரை போய்விட்டது.

மலையடியில் புல் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து நின்றது. தூரத்தில் பார்த்தால் வெறும் வைக்கோல் நிறம். குனிந்தால்தான் பூக்கள். விஷ்ணுகிராந்தி சட்டைப் பித்தான் அளவுக்கு நீலமாக. ஒற்றை இதழை மட்டும் நீட்டிய ஓரிதழ்தாமரை இளஞ்சிவப்பாக. முள்ளுக்கு நடுவே கண்டங்கத்திரியின் ஊதா.

"மேடம், இதி ஏமி பூவு?" இது என்ன பூ என்று நாலு பக்கமும் தெலுங்கில் கேள்வி. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. செடியைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தினால் வடிவம் நிற்கும், நிறம் நிற்காது. அதனால் பறித்த இடத்திலேயே நிறத்தை எழுதிவிட வேண்டும். நான் சொல்லுவேன், அவர்கள் எழுதுவார்கள்.

புல்வெளி முடிந்து மரங்கள் தொடங்கும் சரிவில் ஏறினோம். இலையே இல்லாத கோங்கு மரங்களில் பெரிய மஞ்சள் பூக்கள். வெயில் ஏறிவிட்டது. முதுகு நனைந்தது. ஒரு கல்லைத் தாண்ட வைத்த கால் கல்லின் மேலேயே பட்டது. மேலே பூத்திருந்த புரச மரம் ஒரு பக்கம் வெளிறித் தெரிந்தது.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். உள்ளங்கையால் என் இடது கண்ணை மூடினாள். "அந்த மரம் இன்னா கலரு?"

"பழுப்பு. காஞ்ச எல மாதிரி."

"ஐயோ, நெருப்பு மாதிரி கீதுடி அது! கெளம்பு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். ஊத்தாஃப் நிகழ்வு (உடல் சூடேறும்போது, புண்பட்டு ஆறிய நரம்பில் செய்தி தடுமாறிப் பார்வை சற்று நேரம் மங்குவது). "உடம்பு ஆறினால் தெளிந்துவிடும். ஒரு நாள் ஆகியும் தெளியவில்லை என்றால், வலியும் சேர்ந்தால், உடனே வா." வெந்நீரில் குளித்தால் லேசாக மங்கும், அதைக் கண்டிருக்கிறேன். இவ்வளவு மங்கியதில்லை. இது சூடுதானா, நோய் திரும்பிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி உட்கார்ந்து காத்திருப்பது.

கண்ணை மெல்லப் பக்கவாட்டில் திருப்பினேன். வலி இல்லை. "வலி இல்லம்மா. கொஞ்ச நேரம் பாக்கலாம்," என்றேன்.

ஓடைக்கரையில் ஒரு நாவல் மரம் பச்சையாக நின்றது. அதன் கீழே உட்கார்ந்தேன். அம்மா குடிநீரில் முந்தானையை நனைத்து என் பிடரியில் போட்டாள். மாணவர்கள் சுற்றி வந்து நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தன் அரைகுறைத் தெலுங்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கண், நரம்பு, ஊசி, மாங்காய் உட்பட. எனக்குக் காது சுட்டது. "அம்மா, போதும்!"

"இன்னாத்துக்குப் போதும்? கண்ணு ஆறணும், எல்லாரும் கம்முனு குந்துங்க!" கடைசி வரி தமிழில்தான். ஆனாலும் புரிந்தது. இருபது வயதுப் பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் தன் நோட்டால் எனக்கு விசிறினாள். என்னை யாரும் இளப்பமாகப் பார்க்கவில்லை.

அம்மாவின் கை மறுபடி என் இடது கண்ணின் மேல் இருந்தது. வலது கண்ணால் அந்தப் புரச மரத்தைப் பார்த்தபடி இருந்தேன். நெடுநேரம் பழுப்பு. பிறகு காலடியில் ஒரு விஷ்ணுகிராந்தி நீலமானது. கோங்கின் மஞ்சள் தெளிந்தது. புரசம்பூ கடைசியில் வந்தது. முதலில் மஞ்சள் கலந்து, பிறகு உள்ளேயிருந்து யாரோ ஊதுவதுபோல் மெல்லச் சிவந்து.

"வருதும்மா," என்றேன்.

கண்ணைத் திறந்தால் உலகம் உடனே இருக்கும் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அது எனக்குள் நடந்து வர வேண்டியிருக்கிறது. வெயில் நாளில் தாமதமாக வருகிறது, குளிரில் சீக்கிரம் வருகிறது. நோய் முழுக்கப் போய்விட்டதா என்று கேட்பதை அன்றோடு விட்டேன். இந்த உடம்போடு இருப்பது என்றால், உலகம் வந்து சேர இடம் கொடுத்து உட்கார்ந்திருப்பது.

உதிர்ந்த புரசம்பூ ஒன்றை நடுவில் வைத்து மாணவர்கள் சண்டை போட்டார்கள். நிறம் ஆரஞ்சா, சிவப்பா? பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் கைக்குக் கீழே நான் இன்னும் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்போ எழுதாதீங்க," என்றேன். "இன்னும் வந்துகினு இருக்குது."