பனச்சமூட்டு வீடும் பாழாய்ப்போன கிளிக்கும்

நிலத்தரகு வாயால் செய்கிற தொழில் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது காலால் செய்கிற தொழிலாக்கும்.

கேரள எல்லையோரம் பாறசாலை முதல் வெள்ளறடை வரை பதினெட்டு வருஷம் அலைந்து இடம் விற்ற என் வீட்டுக்காரர் சசி, விஷு கழிந்த வாரம் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். கட்டிலில் கிடக்கிற தரகரை யார் கூப்பிடுவார்கள்? கையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு. பனச்சமூட்டில் பன்னிரண்டு சென்ட், சரோஜம் டீச்சருடையது. ரிட்டயர் ஆகித் தனியாக இருப்பவர், திருவனந்தபுரத்தில் மகள் பக்கத்திலேயே ஒரு ஃபிளாட் பேசி வைத்திருந்தார். ஓணத்துக்குள் விற்காவிட்டால் வேறு தரகரைப் பார்ப்பேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவும் கைவிட்டுப் போனால் ஆபீஸ் ஷட்டரை இழுத்துச் சாத்த வேண்டியதுதான்.

அப்படித்தான் நான், போனில் வீடியோ பார்த்து, இணையத்தில் யாராவது எதையாவது தேடும்போது மேலே வந்து நிற்குமே, ஒருத்தர் அமுக்கினால் நம் காசு போகுமே, அந்த விளம்பரத்தைப் போடப் படிக்க இறங்கினேன். இதே குழியில் விழுந்த அன்பர்களே, நீங்களாவது என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருங்கள்.

பாசத்தின் விலை

முதல் நாளே அறுபது கிளிக். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியளா, நீங்க பதினெட்டு வருஷம் நடந்தும் இத்தனை பேரைப் பாத்ததுண்டா?" என்று கட்டிலைப் பார்த்துக் கேட்டேன். மனுஷன் பிளாஸ்டருக்குள் ஈர்க்குச்சி விட்டுச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஆனால் போன் ஒன்று வரவேண்டாமா? மறுநாளும் அறுபது கிளிக், போன் இல்லை. மூன்றாம் நாள்தான் எனக்குப் பொறி தட்டியது. விளம்பரம் போட்ட பெருமையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், "பனச்சமூடு வீடு என்று தேடிப் பாருங்கள், நம்ம விளம்பரம் முதலில் வரும்" என்று நானே எழுதியிருந்தேன். அண்ணன், நாத்தனார், அவர் மகள், எல்லாரும் தேடுகிறார்கள், அமுக்குகிறார்கள். பாறசாலைச் சித்தியைக் கூப்பிட்டு, "நீங்க எத்தனை தடவை அமுக்கினீங்க?" என்றேன். சித்தி கூச்சமே படாமல் சொன்னாள்: "காலையில விளக்கு கொளுத்தினதும் ஒரு அஞ்சு தடவை, அந்திக்கு அஞ்சு தடவை. நம்ம பிள்ளைக்க ஏவாரம் நல்லா நடக்கட்டும்னு ஆக்கும் மக்கா!"

ஆறு மட்டும் போதும்

யார் எதைத் தேடினால் நம் விளம்பரம் வரவேண்டும் என்று சொற்களைக் கொடுக்கவேண்டும். குறுகலான சொற்களாகக் கொடு என்று வீடியோவில் தலையால் அடித்துக்கொண்டார்கள். நான் கேட்டால்தானே? ஆசை யாரை விட்டது! "வீடு", "ஆறு", "தென்னந்தோப்பு", "அமைதியான இடம்" என்று அள்ளிப் போட்டேன். நெய்யாறு டீச்சர் வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில்கூட இல்லை, அது வேறு விஷயம்.

போன் வந்தது ஐயா, வந்தது! ஒருத்தருக்கு வாடகை வீடு, ஒருத்தருக்குத் தேங்காய் மொத்தமாக. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தலைவர், படகுச் சவாரி நடக்கிற பூவாரில் நின்றுகொண்டு, படகு எத்தனை மணிக்கு என்று கேட்டார். படகு இல்லை ஐயா, விற்பனைக்கு வீடு உண்டு, மூன்று படுக்கையறை, கார் நிறுத்த இடம் என்று நான் விடாமல் ஒப்பித்தேன். பொறுமையான மனிதர், முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வீடெல்லாம் மதுரையிலேயே இருக்குங்க மேடம், ஆறு மட்டும் ரெண்டு மணி நேரத்துக்குக் கிடைக்குமா?"

வட்டத்தின் மறுபாதி

அடுத்து, வட்டம். மேப்பில் வீட்டை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால் அதற்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விளம்பரம் தெரியும். சுலபமான வேலைதான், மற்ற ஊர்க்காரர்களுக்கு. பனச்சமூட்டை நடுவில் வைத்து வட்டம் போட்டால் பாதி கேரளத்திலும் பாதி தமிழ்நாட்டிலும் விழும். சந்தைக்கும் கல்யாணத்துக்கும் தினம் இங்குமங்கும் நடக்கிற எனக்கு, ரோடே எல்லையாகக் கிடக்கிற அந்தக் கோடு அன்றைக்கென்று ஞாபகமே வரவில்லை.

தமிழ்நாட்டு அருமனைப் பக்கமிருந்து ஒரு கான்ட்ராக்டர், மனைவியோடும் மாமியாரோடும் காரில் வந்து இறங்கினார். சுவரைத் தட்டினார், தண்ணீரைக் குடித்துப் பார்த்தார், மாமியார் பூஜை மூலையைக்கூடத் தீர்மானித்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஓணமே வந்துவிட்டது. கடைசியில் கான்ட்ராக்டர், பட்டா யார் பேரில் என்று கேட்டார். இது கேரளமாக்கும், வெள்ளறடை வில்லேஜ் ஆபீஸில் கரம் என்கிற நிலவரியைக் கட்டணும் என்றேன். மூன்று பேர் முகமும் ஒன்றாகச் சுண்டிப்போயிற்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு எல்லாம் தமிழ்நாட்டுப் பக்கம். காரில் ஏறும்போது கான்ட்ராக்டர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்: "வீடு நல்லா கொள்ளாம், கேட்டியளா. இதை அப்படியே தூக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் வைக்க வழி உண்டா?"

ஊருக்குத் தெரிந்த ரகசியம்

வட்டத்தைத் திருத்தினேன். படம் போட்டால் கிளிக் கூடும் என்றார்களே என்று, வீட்டை முன்பக்கமிருந்து அழகாக எடுத்துப் போட்டேன். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் ஊரில் இடம் விற்பதை வெளியே சொல்லமாட்டார்கள். தெரிந்தால், "அந்த வீட்டில் என்ன கஷ்டமோ" என்று பேச்சு கிளம்பும். தரகர் காதோடு காதாகத்தான் பேசவேண்டும். சசி இதைக் கல்யாணமான புதிதிலேயே எனக்குச் சொல்லியிருக்கிறார். நானோ டீச்சரின் வாசலை ஊர் முழுக்கக் காட்டிவிட்டேன். பால் சொசைட்டியில் நாலு பேர் டீச்சரிடம் துக்கம் விசாரித்தார்களாம். அதைவிட மோசம், அடுத்த வீட்டுத் தங்கராஜன் மதில் வழியாக எட்டிப் பார்த்தாராம். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே, எல்லையில் ஒரே கிணறு. யார் எப்போது தண்ணீர் இறைப்பது என்ற சண்டையில் இரண்டு பேரும் பேசிப் பத்து வருஷம் ஆகிறது. டீச்சர் ஆட்டோ பிடித்து வந்து எங்கள் முற்றத்தில் நின்று கத்தினார்: "ஓணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! நாளைக்கே வேற ஆளைப் பாக்கேன். அந்தத் தங்கராஜன் முன்னால எனக்க மானத்தைக் கெடுத்திட்டியே பிள்ளே!"

கிணறு சேர்த்து எத்ர?

அன்று நான் அழுதேன், மறைப்பானேன். படத்தை நீக்கிவிட்டேன், எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்றே உட்கார்ந்தேன். மூடுவதற்கு முன்னால், ஜனங்கள் என்ன தட்டித் தேடி வந்தார்கள் என்ற பட்டியலைச் சும்மா பார்த்தேன். நடுவில் ஒரு வரி: "பனச்சமூடு சரோஜம் டீச்சர் வீடு கிணறு சேர்த்து எத்ர". கிணற்றோடு சேர்த்து விலை எவ்வளவு என்று கேள்வி. விளம்பரத்தில் டீச்சர் பெயர் கிடையாது, கிணறும் கிடையாது. முந்தின நாளும் அதே வரி, அதற்கு முந்தின நாளும் அதே. சசியிடம் காட்டினேன். மனுஷன் ஒடிந்த காலை மறந்து எழப் பார்த்தார். "போ பிள்ளே, ஓடு! மதிலுக்கு அந்தப் பக்கத்து ஆளாக்கும்!"

ஓடினேன். தங்கராஜன் முதலில், சும்மா நோக்கினேன் என்று மழுப்பினார். அப்புறம் மெல்ல விஷயம் வந்தது. மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறான், பக்கத்திலேயே அவனுக்கு ஒரு வீடு வேண்டும். டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். டீச்சர் சேலை மாற்றிக்கொண்டு என்னோடு தங்கராஜன் வீட்டுக்கே வந்துவிட்டார். அங்கே சாயா வந்தது, விலை படிந்தது. ஓணத்துக்குப் பன்னிரண்டு நாள் பாக்கி. எழுந்திருக்கும்போது டீச்சர், "வேணும்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணா?" என்றார். தங்கராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கிணத்தங்கரையில டெய்லி கேக்கணும்னுதான் வருவேன் டீச்சரே, நீங்க வாளியை எடுத்துட்டு உள்ள போயிருவிய."

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மனுஷனைக் கண்டுபிடிக்க, மதுரைக்காரர் வரைக்கும் விளம்பரம் காட்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.