குழாயில் வைத்த பொட்டு

நிலத்தடி நீர் அலுவலகத்தில் நான் சேர்ந்து இரண்டாவது மாதம். நெல்லித்தோப்பில் ஒரு வாடகை வீட்டு வளாகத்தில் அனுமதியில்லாமல் போர் போட்டுவிட்டார்கள், எங்கள் கிணறு வற்றுகிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து புகார். பொறியாளரும் நானும் போனோம். சட்டம் வருவதற்கு முன் போட்ட போர் என்றால் பதிவு செய்தால் போதும். புதிது என்றால் அன்றே சீல்.

வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்து, என்னைக் காட்டிப் பொறியாளரிடம் சொன்னார். "எங்கப்பா காலத்துப் போருங்க இது. பாப்பா இப்பத்தான் காலேஜ் முடிச்சிருக்கு, அதுக்கு எல்லாமே புதுசாத்தான் தெரியும்."

பொறியாளர் சிரித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போர்க் குழாய் தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மஞ்சள், குங்குமம். அடியில் நறுக்கிய எலுமிச்சம்பழம். "சார், பூசை போட்டிருக்காங்க! புதுப் போர்தான்!" கத்தியே விட்டேன்.

"பொட்டு வெச்சா புதுசா?" என்றார் வீட்டுக்காரர். "அப்ப எங்க வீட்டு அம்மிக்கும் ஒரு சீல் வெச்சுட்டுப் போங்க."

அங்கே குடியிருக்கும் ஆறு குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பெண், துணி அலசிக்கொண்டிருந்தவள், அவருக்குப் பரிந்து எழுந்து வந்தாள். "வெள்ளிக்கிழமை தவறாம நாந்தான் மேடம் வெக்கிறேன். தண்ணி குடுக்குறது சாமி இல்லியா?"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்: "எத்தினி வெள்ளியா வெக்கிறீங்கக்கா?"

"இதோட மூணு..."

வாயைப் பொத்திக்கொண்டாள். தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"ஒன்ன எவ பேசச் சொன்னா?" வீட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பினார். பொறியாளர் பையிலிருந்து சீல் வைக்கிற துணியையும் அரக்கையும், அதை உருக்க ஒரு மெழுகுவத்தியையும் எடுத்து என்னிடம் கொடுத்தார். ஜெயித்துவிட்டேன். ஆனால் மெழுகுவத்தியைப் பற்றவைக்கக் கை வரவில்லை.

"இதுக்கு முன்னாடி வாரத்துல ரெண்டு நாள்தான் மேடம் தண்ணி லாரி வரும்" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். "சீல் வெக்கிறதுக்குள்ள ரெண்டு கொடம் புடிச்சுக்கட்டுமா?"

பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம்."

ஆறு வீட்டிலிருந்தும் குடம், வாளி, அண்டா, ஒரு குக்கர்கூட வந்தது. ஐந்து நிமிடம் முடிந்தது. நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கடைசி வாளி நிறைந்ததும் அவளே போய் மோட்டாரை நிறுத்தினாள்.