அந்தப் போர்டில் இருந்த என் பணம்

கிள்ளானைத் தாண்டி, காப்பார் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தப் போர்டுதான் கண்ணில் பட்டது. போன மாதம் வந்தபோது அது இல்லை. அக்கா குடியிருந்த தோட்டத்தின் நுழைவாயிலில், செம்பனை மரங்களை மறைத்துக்கொண்டு, இரண்டு ஆள் உயரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். வரிசை வரிசையாக மாடி வீடுகள், வீட்டுக்கு முன்னால் ஒரு கார், காருக்குப் பக்கத்தில் பலூன் பிடித்த ஒரு குழந்தை, எல்லாம் பெயிண்டில். கீழே வீடு கட்டும் நிறுவனத்தின் பெயர். அதற்கும் கீழே, திட்டத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கி என்று போட்டு ஒரு சின்னம். அந்தச் சின்னம் என் கைப்பையில் இருந்த சேமிப்புப் புத்தகத்தின் அட்டையிலும் இருந்தது.

அது என் வங்கி. எண்பதுகளின் கடைசியில் நான் கோலாலம்பூரில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் கிளார்க்காக இருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தோழியோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். முதல் சம்பளம் வாங்கிய வாரமே அந்த வங்கியில் கணக்குத் திறந்தேன். தோட்டத்து லயத்தில் பிறந்த பெண், குளிர்சாதனம் போட்ட அந்தக் கட்டடத்துக்குள் செருப்புச் சத்தம் கேட்க நடந்து போனதை ஏதோ பெரிய சாதனையாக நினைத்தேன். முப்பதைத் தாண்டியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி ஊர் பேசியதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புருஷன் வருவதற்கு முன்னால் வீடு வரட்டும் என்று இருந்தேன். வீடும் வந்துவிட்ட மாதிரிதான். கிள்ளானில் புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, வங்கியும் கடன் தர ஒப்புக்கொண்டுவிட்டது. அடுத்த வாரம் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அப்பா அம்மா போன பிறகு எனக்கு என்று இருந்தது அக்கா மட்டும்தான். நாங்கள் பிறந்த அதே லயத்து வீட்டில்தான் அவளும் அவள் கணவரும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். தோட்டத்தையே விற்றுவிட்டால் இரண்டும் போகும். விற்றுவிட்டார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாற்று வீடு தருவோம் என்று நிறுவனத்து ஆள் யாரோ வாயால் சொன்னதை நான் நம்பியிருந்தேன். அக்கா நம்பவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று நான் போனபோது லயத்துக் கோடியில் இருந்த குழாயை மூடியிருந்தார்கள். பெண்கள் பக்கத்துக் கம்பத்துக்கு, அந்த மலாய்க் கிராமத்துக்குப் போய், ஒருவர் வீட்டிலிருந்து வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அக்காவும் வந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“போர்டு பாத்தியா?” என்றாள். “நல்லாத்தான் வரைஞ்சிருக்கான்.”

அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். யாரும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, யாரும் யாருக்கும் எதையும் சொன்னதில்லை. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டே அவரவர் வேலையைப் பார்ப்போம்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு நிலைகொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டில் மிச்சம் பிடித்து, தீபாவளிக்குக்கூட ஒரு நல்ல சேலை எடுக்காமல், மாதாமாதம் போட்டு வைத்த காசு. அது அந்தக் குளிர்ந்த கட்டடத்துக்குள் சமர்த்தாகத் தூங்குகிறது என்று நினைத்திருந்தேன். அது எழுந்து காப்பார் வரை போய் என் அக்கா வீட்டுக் குழாயை மூடிவிட்டு வந்திருக்கிறது. வட்டி என்று எனக்குக் கொடுத்தார்களே, அது இதற்குக் கூலி. பஸ் கிள்ளான் வந்து சேரும் முன்பே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் வங்கியில் என்னை ஒரு அதிகாரியின் முன்னால் உட்கார வைத்தார்கள். நம்மவர்தான். டையெல்லாம் கட்டி, என்னைவிட வயதில் சின்னவராக இருந்தார். கணக்கை மூட வேண்டும், வீட்டுக் கடனும் வேண்டாம் என்றதும் இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு இறங்கினார்.

“ஏன் மிஸ், சர்வீஸ் சரியில்லையா?”

“சர்வீஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க அக்கா வீட்டை இடிக்கிறீங்க, அதான்.”

காப்பார் போர்டைப் பற்றிச் சொன்னேன்.

“நாங்க எங்க மிஸ் இடிக்கிறோம்? டெவலப்பர்தானே இடிக்கிறான். நாங்க லோன் மட்டும்தான் குடுக்கிறோம்.”

“யார் காசுல குடுக்கிறீங்க?”

“பேங்க் காசு லா.”

“அந்த பேங்க் காசுல என் காசு இருக்கா இல்லையா?”

அவர் பேனாவை மூடினார், திறந்தார். பிறகு தணிந்த குரலில், உண்மையாகவே எனக்கு நல்லது சொல்கிறவர் மாதிரி, “மிஸ், நீங்க ஒரு ஆளு எடுத்துட்டா பேங்க் மூடிடுமா? உங்களுக்குத்தான் வீடு போவுது” என்றார்.

“மூட வேண்டாம் பாஸ். நல்லா நடத்துங்க. என் காசு அதுல வேண்டாம், அவ்வளவுதான்.”

வீடு கட்டியவர்களிடம் கொடுத்த முன்பணம் போனது போனதுதான். கணக்கில் இருந்த மீதியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பயந்தேனா, சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். வேறு பெரிய வங்கிக்குப் போயிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். போகாமல் இல்லை. உங்கள் சின்னம் எந்தெந்தத் தோட்டத்து வாசலில் நிற்கிறது என்று கேட்டேன். பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார்கள்.

என் அறைத் தோழி ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அது. படியேறும்போதே மிளகாய் நெடியில் தும்மல் வரும். சங்கம் என்றாலே ஜனங்கள் பயந்த நேரம் அது. அங்கங்கே சில சங்கங்கள் ஊரான் பணத்தை நிலத்திலும் கட்டடத்திலும் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தன. “எரியுற வீட்டுக்குள்ள போறியே” என்று ஆபீஸில் சொன்னார்கள். அதனால் செயலாளரிடம் எடுத்த எடுப்பிலேயே கேட்டேன், எங்கள் பணத்தை எங்கே போடுகிறீர்கள் என்று. அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சிடுமூஞ்சி. சாப்பிடப் போனால் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. கேள்வி கேட்டதே பிடிக்காத மாதிரி, முகவாய்க்கட்டையால் சுவரோரப் பெஞ்சைக் காட்டினார்.

“அங்கதான் உக்காந்திருக்கு.”

பெஞ்சில் மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கப் பணம் வேண்டி ஒரு அம்மா, டாக்சிக்கு எஞ்சின் மாற்ற வேண்டிய ஒருவர், செந்தூலிலிருந்து வந்த ஒரு தையல்காரப் பெண். நான் அவர்களைப் பார்த்தேன், அவர்கள் என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு வருஷத்தில் என் பணம் போய்ச் சேரும் முகத்தை நான் பார்த்தது அன்றுதான். அன்றே சேர்ந்துவிட்டேன்.

சங்கம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே குளிர்சாதனம் கிடையாது, மின்விசிறியும் ஒரு நாள் சுற்றும், ஒரு நாள் முறைக்கும். ஆண்டுக் கூட்டத்துக்குப் பாதிப் பேர் அங்கே போடும் மீகூன் பிரட்டல் சாப்பாட்டுக்காகவே வருவார்கள். ஆனால் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு கைதான் தூக்கலாம். ஆபீஸுக்குச் சுழல் நாற்காலி வாங்க வேண்டும் என்று நிர்வாகக் குழு கேட்டபோது, இருக்கிற நாற்காலிக்கு என்ன கேடு என்று ஒரு கிழவி எழுந்து கேட்டாள். நாங்கள் எல்லோரும் கையைத் தூக்கி அதைத் தோற்கடித்தோம். எனக்கு அது பிடித்திருந்தது.

கணக்கை மூடிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை காப்பாருக்கு ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரிப் போனேன். அக்கா அடுப்படியில் சார்டின் டின் திறந்துகொண்டிருந்தாள். சங்கத்தில் சேர்ந்ததைச் சொன்னேன், வங்கியில் நடந்ததை நடித்தே காட்டினேன். அந்த அதிகாரி பேனாவை மூடித் திறந்ததைக்கூட விடவில்லை. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“அப்ப வீடு?” என்றாள்.

“வீடு இல்லைக்கா.”

அவள் டின்னை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மடித்த திரைச்சீலைத் துணி இருந்தது. பச்சையில் மஞ்சள் பூ. கிள்ளான் கடையில் எடுத்தது, விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை.

“உன் வீட்டுப் பின்னறைக்கு வாங்குனது. நாங்க வந்து இருக்கப்போற ரூமுக்கு.”

என் வீட்டில் அவளுக்கு இடம் உண்டா என்று அவள் கேட்கவே இல்லை. தங்கச்சி வீடு என்றால் அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது. நானும் அவளைக் கேட்கவில்லை. அவளுக்காகச் செய்கிற காரியத்தை அவளிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

“உன்னை இங்கேருந்து விரட்டுறவன் கூட்டாளிகிட்ட கடன் வாங்கி நான் வீடு கட்டி உக்காரவா?” என்றேன்.

“உக்காரு. எங்களையும் உக்கார வை. நீ பாத்த அந்த வீடு மட்டும் காட்டுலயா கட்டினான்? அதுவும் தோட்டந்தான். அங்க இருந்தவளுக்கும் ஒரு தங்கச்சி இருந்திருப்பா.”

“அப்ப அதுவும் எனக்கு வேண்டாம்.”

“உனக்கு வேண்டாம். சரி. எம்பிள்ளைங்க எங்க படுக்கும், சொல்லு.”

சாப்பிடாமலே கிளம்பினேன். அவளும் இரு என்று சொல்லவில்லை. ஆனால் இதை எழுதுகிற இன்றைக்கும் சொல்கிறேன், நான் செய்தது சரி. மறுபடி அந்த வங்கி அதிகாரியின் முன்னால் உட்கார வைத்தாலும் அதையேதான் செய்வேன். ஒரே ஒரு வித்தியாசம், முதலில் காப்பாருக்குப் போய்ச் சொல்லிவிட்டுச் செய்வேன்.

லயத்தை இடித்தார்கள். மாற்று வீடு என்று சொன்ன ஆள் அதற்குப் பிறகு கண்ணிலேயே படவில்லை. அக்கா குடும்பம் கிள்ளானை அடுத்த பண்டமாரானில் ஒரு வீட்டின் பின்னறைக்கு வாடகைக்குப் போனது. ஐந்து பேருக்கு ஒரே அறை, பக்கத்திலேயே துறைமுகத்து லோரிகள் போகும் பாதை. அவள் கணவர் துறைமுகத்தில் மூட்டை ஏற்றினார், அவள் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனாள். என்னோடு பேச்சு நின்றுபோனது.

அதற்கிடையில் ஒன்று நடந்தது. தோட்டத்து நஷ்டஈட்டைச் செக்காகக் கொடுத்தார்கள், அதே வங்கியின் செக். மாற்றப் போன அக்காவிடம், இங்கேயே கணக்குத் திறந்து போட்டுக்கொள்ளலாமே என்று சொல்லியிருக்கிறார்கள். “எங்க குழாயை மூடினவனுக்குக் காசு குடுத்த இடத்துல, எங்காசையும் போடவா?” என்று கேட்டுவிட்டு, பணமாகவே வாங்கி, மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் மாடியேறிச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறாள். எனக்கு அது தோழி சொல்லித்தான் தெரியும். சங்கத்திலிருந்து என் அறை இரண்டு தெரு தள்ளித்தான், அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோபம் என்மேல் இருந்தது. அதற்காகக் காசைத் தப்பான இடத்தில் வைக்க அவள் தயாராக இல்லை. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று நான் தனியாகச் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன்.

அடுத்த வருஷம் பண்டமாரானில் ஒரு பலகை வீடு விலைக்கு வந்தது. தகரக் கூரை, மூன்று அறை, பின்னால் ஒரு மாமரம். பெரிய வங்கி எதுவும் அப்படிப்பட்ட வீட்டை ஏறெடுத்தும் பார்க்காது. என் சேமிப்பு போக மீதியைச் சங்கத்தில் கடன் கேட்டேன். சங்கத்தில் கடன் வேண்டுமென்றால் நிலப் பத்திரத்தைவிட மனிதர்கள்தான் முக்கியம். வேலையில் இருக்கும் இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் நிற்க வேண்டும். நான் கட்டாவிட்டால் அவர்கள் கட்ட வேண்டும். ஒருத்தி என் தோழி. இன்னொரு ஆளுக்கு அலைந்தேன். சங்கத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். அக்காவைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் கடன் கிடையாது என்று செயலாளர் சொன்ன கடைசி நாளில், வீடு கைவிட்டுப் போகட்டும் என்று சொல்லத்தான் தோழியோடு படியேறினேன்.

பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள், தொழிற்சாலைச் சட்டைகூட மாற்றவில்லை. தோழியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செயலாளர் அக்காவைக் கூப்பிட்டு, எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னார். “நல்லா கேட்டுக்கங்கம்மா. இவங்க பணம் கட்டலைன்னா உங்க பங்குலேர்ந்து புடிப்போம். பத்தலைன்னா உங்க சம்பளத்துல கேப்போம். யோசிச்சுச் சொல்லுங்க.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

“முன்னாடி என்னைக் கேக்காம ஒரு வீட்டை வேண்டாம்னுட்டா” என்றாள் அவரிடம். “நான் ஜாமீன் நின்னா, இந்த வீட்டை அவ அப்படி விட முடியுமா?”

“முடியாது. உங்களையும் கேக்கணும்.”

“அப்ப எந்த இடத்துல கையெழுத்து போடணும்னு காட்டுங்க.”