மலை மறைத்த பொழுது

பொழுது சாய்ந்த பிறகு, மறுநாள் சூரியன் தெரியும்வரை, எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. நாங்கள் சமணர்கள், தலைமுறைகளாக இந்த மாவட்டத்திலேயே பயிர் செய்து வாழ்பவர்கள். அக்காவும் நானும் வேலைக்கும் படிப்புக்குமாகத் திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அறை எடுத்துத் தங்கிய பின் எங்கள் நேரங்கள் சற்று இளகின. அப்பாவுடையவை இளகவில்லை. சர்க்கரை நோய் வந்த பிறகும் இரவு உணவை மாலை வெயிலிலேயே முடித்துவிடுவார். அதற்குச் சற்று முன்பு மாத்திரை.

அக்கா ஒரு சிறிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியர். நான் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். ஊரில் யாராவது கேட்டால், "சின்னவ எம்.ஏ. படிக்கறா" என்று தொடங்கி அப்பா விரிவாகப் பேசுவார். அக்காவைப் பற்றி, "பெரியவ ஆஸ்பத்திரில இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவள் அங்கே என்ன செய்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் சாப்பாடு கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவாள்.

ஒரு மார்கழிப் பௌர்ணமியன்று அப்பா பட்டா விஷயமாக வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தார். துணைக்கு நான் போனேன். அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தில் அவர் பாதியை உண்பதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியைத் திறக்க நேரம் வரவில்லை. மாலைக்குள் அது ஊசிப்போனது. வேலை முடிந்து நாங்கள் புறப்பட்டபோது கிரிவலக் கூட்டம் சாலையை நிறைத்திருந்தது. பேருந்து பாதியிலேயே எங்களை இறக்கிவிட்டது. நடக்கத் தொடங்கினோம். அப்பா என்னிடம் தண்ணீர் வாங்கி மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

"ரூமுக்குப் போனதும் சாப்டுடலாம். பொழுது நெறைய இருக்கு."

பொழுது இருந்தது. வழிதான் இல்லை. எதிரும் புதிருமாக வந்த கூட்டத்தில் ஒரு தெருவைக் கடப்பதே பெரும்பாடாயிற்று. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. நகரம் மலைக்குக் கிழக்கே இருப்பதால் இங்கே வெயில் முன்னதாகவே மறைந்துவிடும். வானம் மட்டும் வெகுநேரம் வெளுத்துக் கிடக்கும். அப்பாவின் ஊர் சமவெளி. அங்கே சூரியனை மறைக்க எதுவும் இல்லை.

நான் ஒரு கடையில் வாழைப்பழம் வாங்கி நீட்டினேன்.

"வேணாம். பொழுது சாஞ்சிடுச்சி."

"சாயலப்பா. மலைக்குப் பின்னாடிதான் இருக்கு. மலை மறைக்குது, அவ்ளோதான்."

"கண்ணுக்குத் தெரியலன்னா போனதுதான்."

"அப்ப மாத்திரை போட்டது?"

"டாக்டர் வேளை தவறக் கூடாதுன்னாரே. அது மருந்து. சாப்பாடு இல்ல."

உணவை விடுகிற அன்று அந்த மாத்திரையையும் விட வேண்டும் என்று அப்பாவுக்கும் எனக்கும் யாரும் சொன்னதில்லை, நாங்களும் அக்காவிடம் கேட்டதில்லை. பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். கொஞ்சதூரத்தில் அவர் கை குளிர்ந்திருப்பதை உணர்ந்தேன். மார்கழிக் காற்றில் அவர் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "மோட்டார நிறுத்தினியா?" என்று கேட்டார். வயலில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

ஓரமாக நின்ற ஆட்டோக்காரர்தான் முதலில் ஓடிவந்தார். "பெரியவருக்கு இன்னாம்மா, இப்டி வேர்க்குது?"

"சர்க்கரை இருக்கு."

"ஏத்து, ஏத்து. சந்துல பூந்து போயிடலாம்."

அக்கா வேலை செய்யும் மருத்துவமனைக்கே போகச் சொன்னேன். வாசலில் இறங்கியபோது அப்பாவால் நிற்க முடியவில்லை. அவசரப் பிரிவு என்பது ஒரே கூடம். திரைகளுக்கு இடையில் சில கட்டில்கள். கால் கொப்புளம் உடைந்தவர்கள், கூட்டத்தில் மயங்கியவர்கள் என்று அன்று எல்லாவற்றிலும் ஆட்கள். நெஞ்சுவலியோடு வந்த ஒருவரிடம் மருத்துவர் குனிந்திருந்தார். முகக்கவசமும் தொப்பியும் அணிந்த செவிலியர் ஒருத்தி எங்களை நோக்கி வந்தாள். நடையை வைத்துத்தான் அது அக்கா என்று தெரிந்துகொண்டேன். அவள் கண்கள் அப்பா மேல் ஒரு கணம் நின்றன. பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாத்திரை போட்டாரா?"

"போட்டார்."

"சாப்டாரா?"

"இல்ல."

அதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை. விரலில் குத்தி ஒரு துளி எடுத்தாள். "டாக்டர், சர்க்கரை நாப்பதுக்குக் கம்மி. முழிச்சிருக்கார், ஆனா கொழப்பம் ஜாஸ்தி" என்று அங்கிருந்தே சொன்னாள். மருத்துவர் தலையைத் திருப்பாமல், "விழுங்க முடிஞ்சா குளுக்கோஸ் குடுங்க. இல்லன்னா நரம்புல" என்றார்.

அக்கா தம்ளரைக் கொண்டுவந்தாள். அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார். கையால் அதை விலக்கினார்.

"சிஸ்டர், வாயில எதுவும் குடுக்காதீங்க. நாங்க பொழுது போனா சாப்பிடறவங்க இல்ல."

அவருக்கு மகளைத் தெரியவில்லை. நான் "அப்பா, இது" என்று தொடங்கினேன். அக்கா கையசைத்து என்னைத் தடுத்தாள்.

"சரிங்க ஐயா. வாயில குடுக்கல. கைய மட்டும் நீட்டுங்க."

"ஊசியா?"

"ஊசிதாங்க."

"ஊசி சாப்பாடு இல்லியே?"

"இல்லீங்க ஐயா."

அவர் கையை நீட்டினார். மகள் என்று அறிந்திருந்தால் வாதாடியிருப்பார். அந்நியப் பெண்ணிடம் மரியாதையாக நடந்துகொண்டார். குளிர்ந்து சுருங்கியிருந்த நரம்பை அவள் விரல் தேடிய விதத்தில் அவசரமே இல்லை. ஊசி இறங்கியது, மருந்து மெல்ல ஏறியது. நான் சொற்களைப் படிப்பவள். "வாயில குடுக்கல" என்று அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதை அந்த நெருக்கடியிலும் கவனித்தேன். வீட்டில் ஓயாமல் என்னைக் கிண்டல் செய்கிறவள் இவள்தானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

சிறிது நேரத்தில் அப்பாவின் முகத்தில் நிறம் திரும்பியது. கண்கள் தெளிந்தன. கட்டிலருகில் நின்றவளை உற்றுப் பார்த்தார்.

"நீ எப்ப வந்த?"

"நான் இங்கதாம்பா இருக்கேன்."

மருத்துவர் திரும்பினார். "அப்பாவா? இவ்ளோ நேரம் சொல்லவே இல்லியே?"

"சொல்ல எங்க டாக்டர் நேரம்?"

ஆனால் கண்டம் தாண்டிவிடவில்லை. உடம்பில் இருக்கும் மாத்திரை சர்க்கரையை மறுபடியும் இறக்கும், ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும் என்றார் மருத்துவர். அப்பா இப்போது முழு நினைவோடு மறுத்தார். அக்கா இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"டாக்டர், குளுக்கோஸ் டிரிப் ஓடட்டும். அடிக்கடி சர்க்கரை பாத்துக்கிட்டே இருக்கேன். டூட்டி முடிஞ்சாலும் நான் போகல."

மருத்துவர் சற்று யோசித்துத் தலையசைத்தார். அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கோப்பா. விரல்ல குத்திக்கிட்டே இருப்பேன். ஒருவாட்டி எறங்குச்சின்னா பொழுதெல்லாம் பாக்க மாட்டேன். வாயில குடுத்துடுவேன். அப்ப நீ கோச்சிக்கக் கூடாது."

அப்பா விளக்கைப் பார்த்தபடி கிடந்தார். உயிருக்கும் விரதத்துக்கும் நடுவில் அவரை நிறுத்தாமல், அந்த இடத்தில் அவளே நின்றுகொண்டதை அவர் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"எறங்காம பாத்துக்கோ" என்றார்.

"பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். டிரிப்பைக் கூட்டினாள், குறைத்தாள். இடையிடையே மற்றக் கட்டில்களுக்கும் போனாள், கால் கொப்புளத்துக்கு மருந்து வைத்துக்கொண்டே ஒருவரிடம், "செருப்பில்லாம நடந்தீங்க, சரி. கூடவே ஓட வேற செஞ்சீங்களா?" என்றாள். விடியும்வரை அப்பாவின் சர்க்கரை இறங்கவில்லை.

காலையில் அவருடைய கட்டில் சன்னலில் மலை தெரிந்தது. உச்சியில் மட்டும் ஒரு கீற்று வெயில். தெருவில் இன்னும் நிழல். அக்கா இட்லிப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உச்சியிலதாம்பா வெயில். கீழ இன்னும் வரல."

"கண்ணுக்குத் தெரிஞ்சா வந்ததுதான்" என்றார் அப்பா. முந்தின மாலை தன்னிடமிருந்து மலை பறித்துக்கொண்டதை அது திருப்பித் தந்துவிட்டது என்பதுபோல் சம்மணமிட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்.

அவர் உண்ணும்போது அக்கா சொன்னாள். "சாப்பாடு இல்லன்னா இந்த மாத்திரையும் இல்ல. புரியுதா?"

"சரிங்க சிஸ்டர்."

பக்கத்துக் கட்டிலில் கட்டுப்போட்ட காலோடு கிடந்தவர் தலையைத் தூக்கினார். "நேத்து ராத்திரி பூரா அப்பா அப்பான்னு கூப்புட்டாங்க. உங்க பொண்ணு இல்லியா?"

"பொண்ணுதான். பெரியவ" என்றார் அப்பா. இட்லியை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார். "எமர்ஜென்சில நர்ஸ். ஊசி போட்டா வலியே தெரியாது. சர்க்கரைய எப்டி எறங்காம நிறுத்தறான்னு கேளுங்க, சொல்றேன்."

அக்கா டிரிப் பாட்டிலைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தாள். அப்பா விரிவாகச் சொல்லத் தொடங்கினார்.