பதினொரு மணிக்கு நிமிர்ந்த தக்காளிச் செடிகள்

எங்கள் புரொஃபசர் நேற்று இறந்துவிட்டார். இன்று காலை பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது.

பெயரை எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்... எழுதத் துணிவும் இல்லை.

குரூப்பில் எல்லோரும் ‘மலை விவசாயிகளின் தோழர்’ என்று போடுகிறார்கள். நானும் அப்படி இரண்டு வரி டைப் செய்து, அழித்துவிட்டேன்.

அவரிடம் பல வருடம் ஃபீல்டு அசிஸ்டெண்ட்டாக இருந்தேன். எம்.எஸ்சி. படித்தவன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏய், ரெஜிஸ்டர்!” அவ்வளவுதான்.

கொல்லிமலையின் மார்கழிக் குளிரில் சந்தைத் தக்காளி துவண்டுவிடும். அங்கே வளப்பூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் பொன்னம்மா என்பவரின் தோட்டத்தில் இருந்த ஒரு குட்டித் தக்காளி மட்டும் தாங்கியது. இரண்டையும் கலந்து, அவர் நிலத்திலேயே இரண்டாம் தலைமுறைச் செடிகளை வளர்த்தோம். எத்தனை தாங்குகின்றன என்று எண்ணி ரெஜிஸ்டரில் எழுதுவது என் வேலை.

நான்கில் மூன்று தாங்கி ஒன்று துவண்டால், குளிர் தாங்கும் குணம் ஒரே ஜீனில் இருக்கிறது என்று சொல்லலாம். சாருக்கு அந்த ஒரே ஜீன்தான் வேண்டும். ஆராய்ச்சிப் பேப்பரும் சுலபம், புது ரகமும் சுலபம்.

செடிகள் அந்தக் கணக்குக்கு நிற்கவில்லை. பல செடிகள் காலை ஆறு மணிக்குத் தலை தொங்கிக் கிடந்து, பதினொரு மணிக்கு நிமிர்ந்தன. தாங்கியது என்றும் சொல்ல முடியாது, துவண்டது என்றும்...

ஒரு ஜீன் அல்ல, பல ஜீன்கள் சேர்ந்து செய்கிற வேலை என்று எனக்குத் தோன்றியது. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“நடுவுல நிக்கிறதெல்லாம் கலப்பட விதைய்யா. புடுங்கு.”

பிடுங்கினேன்.

பொன்னம்மா வரப்பில் ஓடி வந்தார். “ஏனுங்க, உசுரோட இருக்கறத எதுக்குங்க புடுங்கறீங்க? செத்த பொறுங்க. எங்கூட்டுக்காரரு மாதிரிங்க அது... வெயில் ஏறுனாத்தான் எந்திரிக்கும்.”

“அப்ப உன் ஊட்டுக்காரனையும் புடுங்கிப் போட்டுரலாமா?” என்றார் சார்.

ஜீப் டிரைவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பொன்னம்மா என்னை மட்டும் பார்த்தார்.

மிச்சம் விட்ட செடிகளிலிருந்து ரகம் வந்தது. குளிர் தாங்கும் என்று சொல்லி மலை முழுக்க நாற்று கொடுத்தோம். பொன்னம்மா தன் குட்டித் தக்காளியை விட்டுவிட்டு, நிலம் முழுக்க அதையே நட்டார். மார்கழியில் செடி நின்றது. பூவெல்லாம் கொட்டிவிட்டது. ஒரு கூடை காய்கூட இல்லை. பூவைக் காக்கிற ஜீன்கள் நான் பிடுங்கிய செடிகளோடு போயிருக்கலாம்.

ஆபீஸில் மீட்டிங். பொன்னம்மாவை எதிரில் வைத்துக்கொண்டே சார் சொன்னார்: “இதுங்களுக்குத் தண்ணி கட்டத் தெரியல.”

பதினொரு மணிக் கணக்கைப் பென்சிலில் தனியாக எழுதிய நோட்டு அப்போது என் பையில்தான் இருந்தது.

“ஏய் ரெஜிஸ்டர், டீ சொல்லிட்டு வா.”

போனேன்.

சாயங்காலம் சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் பொன்னம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏனுங்க சார், அந்தச் செடிக எந்திரிச்சத நீங்க பாத்தீங்கதானுங்களே?”

“பார்த்தேன்.”

“அப்புறம் அங்க ஏனுங்க சொல்லுல?”

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

ஒன்றை மட்டும் என்னால் மறக்கவே முடியவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று மேடையில் சார் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: “எண்ணுனது பூரா இவன்தான். தப்பு இருந்தா இவனைக் கேளுங்க!” எல்லோரும் கைதட்டினார்கள். நான் கும்பிட்டேன்.

இன்று காலை பொன்னம்மாவுக்கு போன் செய்து, சார் இறந்ததைச் சொன்னேன்.

“அப்படீங்களா... இனியாச்சும் சொல்லுவீங்களா?” என்றார்.

பென்சில் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து, இந்தப் பதிவின் கீழே கமெண்ட்டில் போட்டிருக்கிறேன். எந்தெந்தச் செடிகளைப் பிடுங்கினேன் என்பதும் அதில் இருக்கிறது. என் எண்ணிக்கையில் தவறு இருக்கலாம்... தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

‘போய் வாருங்கள்’ என்று எழுதக் கை வரவில்லை.

போங்கள், சார்.