கையா, காரா

பதினாறு வயதுக் கார். அறுபத்திரண்டு வயது ஓட்டுநர். கோளாறு யாரிடம் என்பதுதான் அந்த வாரம் மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த வழக்கு.

ஓட்டுநர் தனலெட்சுமி, ரயில்வே டிக்கெட் கவுண்டரில் இருபத்தெட்டு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திங்கள், புதன், வெள்ளி காலைகளில் தங்கை ரமணியை பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போவார். இரண்டு மாதமாக ஸ்டீரிங் திடீரென்று இறுகியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சினை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல் இலகுவானது. போன வெள்ளி, பார்க்கிங்கில் திருப்ப முடியாமல் ஒரு தூணை உரசிவிட்டார்.

"காரு இல்லம்மா, உங்க கை. வயசாகுது லா," என்றான் பூச்சோங்கிலிருந்து வந்த மகன் லோகேஷ். செமினியில் ஒருவர் காரை விலைக்குக் கேட்கிறார், ஞாயிறு வருவார் என்றான்.

"மெக்கானிக் கிஷன் இன்னொரு தடவ பார்த்து காருல ஒண்ணும் இல்லன்னு சொன்னா வித்துடு," என்று வாக்குக் கொடுத்துவிட்டார் தனலெட்சுமி. டயாலிசிஸ் முடிந்து வரும் ரமணிக்குத் தலை சுற்றும், சில நாள் வாந்தி வரும். கார் போய்விட்டால், முன்பின் தெரியாத டாக்சி டிரைவரிடம் அவளை எப்படி ஒப்படைப்பது?

கிஷன் அதற்கு முன்பே இரண்டு தடவை பார்த்திருந்தான். "நாலு ரவுண்டு போனேன் ஆன்டி. பட்டர் மாதிரி திரும்புது."

ஆனால் தனலெட்சுமியிடம் தாள்கள் இருந்தன. கவுண்டர் பழக்கம். கோளாறு வந்த ஒவ்வொரு நாளும் அந்த நாளின் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் நேரத்தையும் நடந்ததையும் குறித்திருந்தார். வியாழன் மாலை ஒன்பது தாள்களையும் மேசையில் பரப்பினார். ஒன்பதிலும் மழை. ஒன்பதிலும் பார்க்கிங், அல்லது ஊர்ந்து போகும் வேகம். நெடுஞ்சாலையில் ஒருமுறைகூட இல்லை. கிஷன் ஓட்டிப் பார்த்ததோ இரண்டு நாளும் வெயிலில்.

சனிக்கிழமை காலை ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றார்.

"இன்னிக்கும் மழை இல்லயே ஆன்டி."

"மழைய நான் கொண்டாரேன். நீ பக்கத்துல உக்காரு."

மழையில் போடும் ஹெட்லைட், வைப்பர், ஏசி, பின்கண்ணாடிச் சூடு எல்லாவற்றையும் போட்டார். நின்ற இடத்திலேயே ஸ்டீரிங்கை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பினார். மூன்றாவது திருப்பலில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"இப்போ நீ திருப்பு. இது என் கையா?"

கிஷன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். "இல்ல ஆன்டி. கல்லு மாதிரி இருக்கு."

பானட்டைத் திறந்து, பேட்டரியின் மைனஸுக்கும் கார் உடம்புக்கும் நடுவே மீட்டர் வைத்தான். முள் முனையளவுகூட வோல்ட் காட்டக்கூடாத இடத்தில் ஒன்றரை வோல்ட் காட்டியது. "எர்த் சரியில்ல. எல்லாத்தயும் போட்டா ஸ்டீரிங் மோட்டாருக்குக் கரண்ட் பத்தல."

பேட்டரியின் எர்த் வயர் கார் உடம்பில் சேரும் போல்ட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. அதற்கு நேர் மேலே, மஞ்சள் நூலில் ஓர் எலுமிச்சம்பழம். வெள்ளிதோறும் தனலெட்சுமி குத்திக் கோத்துக் கட்டுவது. பத்து மாதச் சாறு அந்தப் போல்ட்டின்மேல் சொட்டியிருக்கிறது.

"ரெண்டு தடவ பானட்டத் திறந்தியே, இது கண்ணுல படலயா?"

"பட்டுச்சு. சாமி விஷயம், கை வைக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

தனலெட்சுமி நூலை அவிழ்த்துப் பழத்தைக் கையில் எடுத்தார். பிறகு, "ஆக, என் கைதான்," என்றார். கிஷன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போல்ட்டைச் சுரண்டினான். புது வயர் போட்டான். அதே சோதனையைத் தனலெட்சுமி பத்து முறை செய்தார். விளக்கு எரியவில்லை.

ஞாயிறு காலை லோகேஷை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, எல்லா சுவிட்சையும் போட்டுத் திருப்பச் சொன்னார். ஒரு விரலில் திரும்பியது. அவன் இறங்கி, செமினிக்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றான்.

காரைச் சுற்றி வந்தவன் முன் பம்பரில் புது எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். பத்து மாதத்துக்கு முன்பு, வெளியே தொங்கினால் அசிங்கமாக இருக்கிறது, உள்ளே கட்டுங்கள் என்று சொன்னவன் அவன்தான்.

"அங்கயே இருக்கட்டும்மா," என்றான்.